ரப்பர் பாலும் மட்டிப்பழமும்: எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

அப்பா முப்பது வருஷம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கம் எங்கள் வீட்டில் விடியுமுன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு அவர் தோட்டத்துக்கு இறங்குவதும், வெயில் ஏறுமுன் வாளியில் பாலோடு திரும்புவதும்தான் அன்றாடக் கணக்கு. சிரட்டையில் இருந்து வழிந்த பால் அவர் விரலில் காய்ந்து தோலாக உரியும். ஒரு நாளும் அவருக்கு ஒரு தடிப்பு வந்ததில்லை. நர்ஸ் வேலைக்குப் போன எனக்குத்தான் ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் போனது.

முதலில் கையுறை. பவுடர் போட்ட ரப்பர் கையுறையை மாட்டிய பத்து நிமிஷத்தில் மணிக்கட்டில், கையுறையின் விளிம்பு முடியும் இடத்தில், வளையல் போட்டதுபோல வட்டமாகத் தடித்துச் சிவக்கும். கழற்றினால் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். வார்டில் யாராவது கையுறையை உதறிக் கழற்றினால் எனக்குத் தும்மல். இதை இரண்டு வருஷம் சோப்பு அலர்ஜி என்று நினைத்துச் சமாளித்தேன். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், நைட் டியூட்டிக்குக் கிளம்புமுன், எங்கள் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம் இரண்டு தின்றேன். இரண்டாவது பழம் முடியுமுன் மேலண்ணம் அரித்தது, காதுக்குள்ளே அரித்தது, கீழுதடு மரத்துப்போய் வீங்கியது.

"மக்களே, வாழப்பழம் ஆருக்காவது ஆகாம போவுமா?" என்றாள் அம்மா. அவள் கேட்டது நியாயம்தான். பச்சைப் பிள்ளைக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்)ப் பொடியில் தொடங்கி, துக்க வீட்டுப் பந்தல் வரைக்கும் வாழை இல்லாமல் எதுவும் நடக்காத ஊர் இது. 2023-இல் கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சொந்தக்காரப் பிள்ளைக்குப் பரிசு கிடைத்ததுபோல எல்லோரும் பேசிக்கொண்டோம். அந்தப் பழமே எனக்கு ஆகவில்லை.

வலையில் தேடினால் ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டியவை என்று ஒரு நீளமான பட்டியல் வரும். வாழை, பப்பாளி, கிவி, வெண்ணெய்ப்பழம் (பட்டர் ஃப்ரூட்), செஸ்ட்நட் என்கிற கொட்டை, மாம்பழம், அன்னாசி, தக்காளி, உருளைக்கிழங்கு, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) என்று போய்க்கொண்டே இருக்கும். அதைப் படித்துவிட்டு மூன்று மாதம் கஞ்சியும் பயறுமாகக் காலம் தள்ளியிருக்கிறேன். என்னைப்போல ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள், கையுறை போடுகிறவர்கள், ரப்பர் வேலைக்காரர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்களில் யாருக்காவது இந்தச் சிக்கல் வந்தால் எந்த வழியில் போகலாம் என்று, நான் போய்ப் பார்த்த வழிகளை வைத்தும் படித்ததை வைத்தும் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

முதலில் வாழைக்கும் ரப்பருக்கும் என்ன உறவு என்று தெரிய வேண்டும். தெரியாமல் தேர்ந்தெடுத்தால் தப்பாகத்தான் தேர்ந்தெடுப்போம்.

பால்வெட்டுக் கத்தி பட்டைமேல் இறங்கும் ஒவ்வொரு தடவையும் மரத்துக்கு அது ஒரு காயம். காயம் பட்ட இடத்தில் பூஞ்சை ஏறாமல் பார்த்துக்கொள்ள மரம் பாலிலேயே காவல் வைத்திருக்கிறது. அந்தக் காவல்களில் ஒன்று ஹெவீன் என்கிற புரதம். வெறும் 43 அமினோ அமிலம் கோத்த சின்னச் சங்கிலி அது. பூஞ்சையின் சுவரில் இருக்கும் கைட்டின் என்ற பொருளைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பால் உறைந்து வெட்டுக்காயத்தை அடைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. வாழைக்கும் பூஞ்சைத் தொல்லை உண்டல்லவா? அதனால் வாழைப்பழத்தில் கைட்டினேஸ் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதன் முன்பகுதி ஹெவீனை அச்சில் வார்த்தது போன்றது. ரப்பரை எதிரி என்று பழகிவிட்ட உடம்பு, வாழையில் அதே முகத்தைப் பார்த்ததும் அடிக்கக் கிளம்புகிறது. பப்பாளியிலும் வெண்ணெய்ப்பழத்திலும் இதே கதைதான்.

ஆக, உறவு என்பது செடியின் குடும்பத்தில் இல்லை, புரதத்தின் உருவத்தில் இருக்கிறது. ஊரில் பலர் பால் வடிகிற மரமெல்லாம் ரப்பருக்குச் சொந்தம் என்று கணக்குப் போடுகிறார்கள். சக்கை (பலாப்பழம்) வெட்டும்போது கையில் ஒட்டும் பசையைக் காட்டி, "இதுவும் பால்தானே" என்று என் சித்தி சொன்னாள். பாலின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வாழை ரப்பருக்குத் தூரத்து உறவுகூட இல்லை, ஆனால் எனக்கு முதல் ஆபத்து அதில்தான் வந்தது.

இந்தத் தொடர்பை 1994-இல் விரிவாக எழுதியவர்கள் ஸ்பெயினின் கேனரித் தீவுகளைச் சேர்ந்த மருத்துவர்கள். அதுவும் வாழை விளைகிற ஊர்தான். ரப்பர் அலர்ஜி இருந்த 25 பேரை அவர்கள் பார்த்தார்கள். 13 பேருக்கு ஏதாவது ஓர் உணவும் ஒத்துக்கொள்ளவில்லை. வாழை ஒத்துக்கொள்ளாதவர்கள் 7 பேர், பப்பாளி ஒத்துக்கொள்ளாதவர்கள் 3 பேர். அதற்கப்புறம் வந்த ஆய்வுகளும் ரப்பர் அலர்ஜிக்காரர்களில் சுமார் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு உணவிலும் தொந்தரவு வருவதாகச் சொல்கின்றன. மற்றப் பாதிப் பேருக்கு ஒன்றும் வருவதில்லை. வந்தவர்களுக்கும் பட்டியலில் உள்ள எல்லாமும் வருவதில்லை. இந்தக் கணக்கை முதலிலேயே பார்த்திருந்தால் மூன்று மாதம் கஞ்சி குடித்திருக்க மாட்டேன்.

வழிகளுக்குப் போகுமுன் ஒரு வடிகட்டல். கையுறை போட்டதும் நிமிஷக் கணக்கில் தடிப்பதுதான் ரப்பர் புரதத்தின் வேலை. ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோல் வறண்டு வெடித்து நீர் கோத்தால், பெரும்பாலும் அது ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருளால் வருவது. அதற்கும் வாழைப்பழத்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் பழம் தின்னலாம். என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா இந்த இரண்டாவது வகை. நான் சொன்னதைக் கேட்டு அவரும் ஒரு வருஷம் வாழையைத் தொடாமல் இருந்தார். அது என்னால் வந்த வினை, இன்றும் மனசில் உறுத்தும்.

சரி, இது புரத அலர்ஜிதான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வழி, பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் விட்டுவிடுவது. பயந்த நேரத்தில் இதுதான் நிம்மதியாகத் தெரியும். ஆனால் அந்தப் பட்டியல் நம் ஊர் அடுக்களையைப் பார்த்து எழுதியதில்லை. கிவியையும் செஸ்ட்நட்டையும் விடுவது நமக்கு ஒரு நஷ்டமே இல்லை. வாழை, பப்பாளி, மாம்பழம், அன்னாசி, தக்காளி, மரச்சீனி எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் தட்டில் மிச்சம் என்ன? பாதிக்கு மேல் தேவையே இல்லாத பத்தியம் இது. அதைவிட மோசம், மூன்றாம் மாதம் ஆசை தாங்காமல் எதையாவது தின்போம். ஒன்றும் ஆகாது. உடனே பட்டியலே பொய் என்று முடிவு கட்டி, உண்மையிலேயே ஆகாததையும் தின்றுவிடுவோம். நான் அந்த விளிம்பு வரை போனவள்.

இரண்டாவது வழி, ஏற்கெனவே தொந்தரவு செய்ததை மட்டும் விட்டுவிட்டு, இத்தனை வருஷமாகக் குறையில்லாமல் தின்றதைத் தொடர்ந்து தின்பது. செலவில்லாத வழி, பெரும்பாலோருக்கு இதுதான் பொருத்தமும்கூட. உலகெங்கும் அலர்ஜி மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதும் இதைத்தான். இதில் ஒரு ஓட்டை உண்டு. இதுவரை தின்றே இராத பொருளைப் பற்றி இது எதுவும் சொல்லாது. ஜூஸ் கடையில் பட்டர் ஃப்ரூட் ஜூஸ், கல்யாண வீட்டில் ஃப்ரூட் சாலட் என்று புதிதாக ஒன்று வரும்போது என்ன செய்வது? என் தீர்மானம் எளிது. பட்டியலில் இருந்து, நான் முன்பு தின்றும் இராத பொருளாக இருந்தால் தொடுவதில்லை. பழகாத பழத்தை இழப்பதில் வருத்தம் இல்லை.

இந்த வழியில் போகிறவர்கள் செய்யக்கூடாத ஒன்று, ரகம் மாற்றிப் பார்ப்பது. மட்டி ஆகவில்லை என்றால் செந்துளுவன், அதுவும் இல்லையென்றால் ரசகதலி, பாளையங்கோட்டான் என்று நானும் யோசித்தேன். மார்த்தாண்டம் சந்தையில் நின்று குலை குலையாகப் பார்க்கும்போது ஏதாவது ஒன்று நமக்கு ஆகும் என்றுதான் தோன்றும். எல்லாமே வாழைதான், அந்தக் காவல் புரதம் எதிலும் இருக்கும். வேண்டுமானால் கூடக்குறைய இருக்கலாம், ஆனால் எதில் கூட, எதில் குறைய என்று வீட்டில் இருந்துகொண்டு அளக்க முடியாது.

இன்னொரு நம்பிக்கை, "இது மருந்து வைத்துப் பழுத்த பழம், அதனால்தான். நம்ம விளையில் (தோட்டத்தில்) பழுத்ததைத் தின்னு, ஒண்ணும் வராது" என்பது. இதில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், எத்திலீன் வாயு பட்டால் இந்தக் கைட்டினேஸ் கூடுவது தெரிந்தது. பழுக்கவைக்கும் அறைகளில் பயன்படுத்துவது இந்த எத்திலீன்தான். இந்தியாவில் பழுக்கவைக்கக் கால்சியம் கார்பைடு கல்லுக்குத் தடை, எத்திலீனுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) வரை அனுமதி. ஆனால் வாழைக்காய் பழுக்கும்போது எத்திலீனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். விளையில் மரத்திலேயே பழுத்தாலும், பானையில் புகைபோட்டுப் பழுக்கவைத்தாலும் புரதம் இருக்கத்தான் செய்யும். எங்கள் விளைப் பழத்திலும் எனக்கு உதடு வீங்கியது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. சூடு பட்டால் கைட்டினேஸ் செயலிழந்துவிடுகிறது. அங்கேதான் மூன்றாவது வழி பிறக்கிறது. பச்சையாகத் தின்னாமல் வேகவைத்தோ பொரித்தோ தின்பது. வாழைக்காய்த் துவரன், ஏத்தங்காய் சிப்ஸ், புழுங்கின ஏத்தன்பழம். கேட்கவே இனிக்கிறது. ஹெவீன் வகைப் புரதம் மட்டும் பிரச்சினையாக இருப்பவர்களுக்கு இந்த வழி உண்மையிலேயே கைகொடுக்கலாம். ஆனால் வாழையில் ஒரே ஒரு புரதமா இருக்கிறது? கொழுப்பு கடத்தும் புரதம் என்று ஒன்று உண்டு. அது சூட்டுக்கும் மசியாது, வயிற்று அமிலத்துக்கும் மசியாது. அதற்கு எதிர்ப்பு உள்ளவருக்குக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்த சிப்ஸும் வாழைப்பழமும் ஒன்றுதான். நீங்கள் இதில் எந்த வகை என்பது வாய் அரிப்பை வைத்துத் தெரியாது. ஆகவே இதை வீட்டில் தனியாகச் சோதித்துப் பார்க்கிற வழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த மூன்றாவது வழி முழுசாகக் கவிழ்கிற இடம் மரச்சீனி. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்ப் பட்டியல்களில் மரச்சீனி வந்தாலும் கடைசியில் ஒரு சொல்லாகத்தான் வரும். நமக்கோ அது ஒரு வேளைச் சாப்பாடு. மரச்சீனி நிஜமாகவே ரப்பருக்குச் சொந்தம், இரண்டும் ஆமணக்குக் குடும்பம். ரப்பர் பாலில் ஹெவீன் போலவே ஹெவ் பி 5 என்று இன்னொரு புரதம் உண்டு. கையுறையால் அலர்ஜி வந்த ஆஸ்பத்திரிக்காரர்களில் பலருக்கு எதிர்ப்பு இதன்மேல்தான். அதற்கு இணையான புரதம் மரச்சீனிக் கிழங்கில் இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மரச்சீனியை நம்மைப்போல அன்றாடம் தின்கிற நாடு அது. அங்கே ரப்பர் அலர்ஜிக்காரர்களுக்கு வெந்த கிழங்கைத் தின்றே மூச்சுமுட்டல் வரைக்கும் வந்திருக்கிறது. யாரும் மரச்சீனியைப் பச்சையாகத் தின்பதில்லை. வெட்டி, அவித்து, தண்ணீரை வடித்துத்தான் தின்கிறோம். தண்ணீரை வடிப்பது கிழங்கின் நஞ்சைப் போக்குவதற்கு. இந்தப் புரதத்துக்கு அந்த வைத்தியம் போதாது. ஆகவே வாழைக்குப் பொருந்துகிற யோசனையை அப்படியே மரச்சீனிக்குத் தூக்கி வைக்க முடியாது.

அதற்காக ரப்பர் அலர்ஜி உள்ளவர்கள் எல்லோரும் மரச்சீனியை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதுவரை கிழங்கும் சாளைக் குழம்பும் தின்று உதடு அரிக்காதவர்கள் தின்றுகொண்டே இருக்கலாம். தின்ற கொஞ்ச நேரத்தில் தடிப்போ தொண்டை இறுக்கமோ ஒரு தடவையாவது வந்திருந்தால், "இன்னும் நல்லா வேகட்டும்" என்று அடுப்பைக் கூட்டாமல் மருத்துவரிடம் போங்கள்.

நான்காவது வழி பரிசோதனை. இதில் இரண்டு வகைக் கடை உண்டு. ஒன்று, நூறு உணவு, இருநூறு உணவு என்று ஒரே ரத்தத்தில் பார்த்து வண்ண வண்ண அட்டவணை தரும் ஐஜிஜி பரிசோதனை. அந்தப் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்; நீங்கள் அந்த உணவைத் தின்று பழகியதைத்தான் அது காட்டும், அலர்ஜியைக் காட்டாது. கேட்க வேண்டியது ஐஜிஈ, அலர்ஜிக்குக் காரணமான எதிர்ப்புப் புரதம். ரத்தத்திலும் பார்க்கலாம், தோலில் குத்தியும் பார்க்கலாம்.

நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தோல் பரிசோதனை செய்துகொண்டேன். அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். பழத்துக்குப் பாட்டில் மருந்தைவிட நிஜப் பழமே நல்லது, பாட்டிலில் இந்தப் புரதங்கள் சீக்கிரம் சிதைந்துவிடும் என்றார் டாக்டர். அதனால் வீட்டில் இருந்தே ஒரு மட்டிப்பழம், ஒரு துண்டு பப்பாளி, பச்சைக் கிழங்கும் வெந்த கிழங்குமாக தனித்தனி டப்பாவில் கொண்டுபோனேன். ஊசியைப் பழத்தில் ஒரு குத்து, அப்படியே என் முன்கையில் ஒரு குத்து. பதினைந்து நிமிஷம் கையை நீட்டி வைத்துக்கொண்டு நானே பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பருக்கும் வாழைக்கும் கொசு கடித்ததுபோல வெள்ளையாக மேடு எழும்பியது. பப்பாளிக்கும் எழும்பியது. வெந்த மரச்சீனிக்குச் சந்தேகமான ஒரு சின்னப் புள்ளி. மேடு 3 மில்லிமீட்டராவது இருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள்.

பப்பாளி முடிவைப் பார்த்து நான் பதறினேன். டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பப்பாளி தின்று எப்போதாவது ஏதாவது வந்திருக்கிறதா?" வந்ததே இல்லை. போன வாரம்கூடத் தின்றேன். "அப்படியானால் தின்னுங்கள்" என்றார். மேடு எழும்புவது உடம்பில் எதிர்ப்பு இருக்கிறது என்பதற்கு அடையாளம், நோய் இருக்கிறது என்பதற்கு இல்லை. இந்தப் பரிசோதனையின் பெரிய பலவீனம் இது. காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பத்தியம் எழுதினால் மறுபடியும் முதல் வழிக்கே, எல்லாவற்றையும் விடுகிற இடத்துக்கே போய்ச் சேருவோம்.

சந்தேகத்தில் நிற்கும் பொருளுக்குத்தான் ஐந்தாவது வழி. ஆஸ்பத்திரியில், கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பார்ப்பது. முதலில் ஒரு சிட்டிகை, பொறுத்து அதைவிடக் கொஞ்சம், அப்படியே ஒரு வேளை அளவு வரை. பக்கத்தில் அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும். அரை நாள் போகும், ஆஸ்துமா அடங்கியிருக்க வேண்டும், செலவும் உண்டு. ஆனால் ஆம், இல்லை என்று தெளிவாகச் சொல்கிற ஒரே வழி இதுதான். நான் மரச்சீனிக்கு மட்டும் இதைச் செய்தேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் இன்னொரு நாள் ஏத்தங்காய் சிப்ஸுக்கும் செய்துகொண்டேன், அதற்கும் ஒன்றும் வரவில்லை. பழுத்த வாழைக்குச் செய்யவில்லை. உதடு வீங்கியே காட்டிவிட்ட பிறகு அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

என் யோசனை இதுதான். பெரும்பாலோருக்கு இரண்டாவது வழி போதும். இல்லாமல் இருக்கவே முடியாத ஒன்றிரண்டு உணவில் சந்தேகம் வந்தால், அவற்றுக்கு மட்டும் நான்காவதும் ஐந்தாவதும். முதல் வழி, டாக்டரைப் பார்க்கும் நாள்வரை ஒரு தற்காலிக ஏற்பாடாக இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மூச்சுத்திணறல், தொண்டை அடைப்பு, தலைசுற்றி விழுதல் ஒரு தடவை வந்தவர்களுக்கும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் இந்தத் தேர்வெல்லாம் கிடையாது. அவர்கள் நேரே அலர்ஜி மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நிலை வந்தால் தொடையின் வெளிப்பக்கம் போடும் அட்ரினலின்தான் மருந்து, அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்ற வேண்டியது கையுறை. உணவைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்த நான், கையுறையை மாற்றச் சொல்லிக் கேட்க ஒரு வருஷம் தயங்கினேன். அன்று நான் வேலை பார்த்த இடத்தில் பவுடர் கையுறைதான் வாங்குவார்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்ற பயம். அந்தப் பவுடர் ரப்பர் புரதத்தைத் தூக்கிக்கொண்டு காற்றில் பறக்கும், நாம் மூச்சில் இழுப்போம். அமெரிக்காவில் பவுடர் போட்ட மருத்துவக் கையுறைக்கு 2017-இல் தடையே வந்துவிட்டது. ரப்பர் பால் சேராத நைட்ரைல் கையுறைக்கு மாறிய பிறகு எனக்குத் தும்மல் நின்றது, மணிக்கட்டு ஆறியது.

இதனால் பந்தியிலும் ஒரு விஷயம் கவனிக்கிறேன். இப்போது கேட்டரிங்காரர்கள் சுத்தம் என்று கையுறை போட்டுப் பரிமாறுகிறார்கள். அது ரப்பர் கையுறையாக இருந்தால் சோற்றிலும் அந்தப் புரதம் ஒட்டும். அமெரிக்காவில் சில மாநிலங்கள் உணவகங்களில் ரப்பர் கையுறையைத் தடை செய்ததே இதற்காகத்தான். போன தை மாதம் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அவியல் தின்று வாய் அரித்தது. அவியலில் போட்ட வாழைக்காய் மேல்தான் முதலில் பழி போட்டேன். பரிமாறிய பையனின் கையைப் பார்த்ததும் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. இப்போதெல்லாம் முதல் பந்தியில் உட்காருமுன் அடுக்களைப் பக்கம் போய், "தம்பி, எனக்குக் கரண்டியால் போடு, கையுறைக் கையால் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வருகிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

என் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கும் வருமோ என்று வாழைப்பழத்தை ஒளித்துவைக்கலாமா என அம்மா கேட்டாள். அறிகுறி ஒன்றும் இல்லாத பிள்ளைக்குப் பரிசோதனையும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் இரண்டு மட்டிப்பழம் தின்கிறாள். தோலை அம்மாதான் உரித்துக் கொடுக்கிறாள்.